இடப்பக்கத்து மூச்சு

லிவர்மோரில் வசந்தாமணி குடியிருக்கும் தெருவில் பகல் நேரத்தில் ஆள் அரவமே இருக்காது. காலையில் கராஜ் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும், கார்கள் போகும், கதவுகள் இறங்கும். அதற்கப்புறம் பொழுது சாயும்வரை அந்த வீதியில் நடமாடுவது காற்று ஒன்றுதான். மகன் சபரிநாதனும் மருமகள் எழிலரசியும் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டுக்குள் எந்தச் சத்தம் கேட்டாலும், அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். ஃபிரிட்ஜ் முனகினால் தெரியும். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் டொக்கென்றால் தெரியும். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு சத்தம் மட்டும் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாமல் போயிற்று. அவள் வீட்டுக்காரர் கிட்டுசாமி படுக்கையில் விழுந்த பிறகு நடந்தது அது.

வசந்தாமணி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தான் பாடும் சிவன் பதிகங்கள் அத்தனையையும் காதால் வாங்கியே பாடம் பண்ணியவள். கிட்டுசாமிக்கு இரும்புப் பட்டறை வேலை. இயந்திரக் கடைசல் வேலைக்கு ஆள் வேண்டுமென்று கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்தவர். கையில் ஸ்குரூ டிரைவர் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பாகம் பாகமாக வாங்கி, பூஜை அலமாரியை ஒட்டிய சின்ன அறையில் ஒரு கம்ப்யூட்டரைத் தானே பூட்டினார். அதற்கு ஒரு மைக்கும் வைத்தார். "நீ பாடுறதெல்லாம் காத்தோட போவுது வசந்தா. இதுல பிடிச்சு வெச்சுக்கலாம்" என்றார். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தடுமாறும் என்பதால், அமுக்க வேண்டிய பொத்தானின் மேல் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார். பொட்டை அமுக்கினால் ஆரம்பம். மறுபடி அமுக்கினால் முடிவு.

அவள் பாடும்போது அவர் இடப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். காதில் ஹெட்போன், கண் மூடியிருக்கும். பாட்டு அவருக்குள் இறங்கிவிட்டது என்பது மூச்சில் தெரியும். மூச்சு கனத்து, மெல்ல ஏறி, மெல்ல இறங்கும்.

பக்கவாதம் வந்தபோது அந்த மனிதர் கராஜில் விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், ட்ரேஸி ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. பேச்சும் இல்லை. பழகிய குரல்களைக் காதில் போட்டுக்கொண்டே இருங்கள், ஒருவேளை அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார் என்றார் டாக்டர்.

வசந்தாமணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகனுக்கு ஒழிகிற நாளில்தான் போய்ப் பார்க்க முடியும். அதனால் தினம் காலையில் பூஜை முடித்ததும் சின்ன அறையில் உட்கார்ந்து ஒரு பதிகம் பாடிப் பொட்டை அமுக்கி வைப்பாள். சபரி அதை நர்ஸுக்கு அனுப்புவான். நர்ஸ் அவர் காதருகே வைத்துப் போட்டுவிடுவாள். அப்படிப் போட்டபோது ஒரு நாள் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் லேசாக எழும்பி அடங்கியது. அவ்வளவுதான். அந்த வீடு மொத்தமும் அந்த ஒரு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் இரைய ஆரம்பித்தது. முதலில் வண்டு மாதிரி. பிறகு மாவு மெஷின் மாதிரி. பாட்டை விட இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது, யாரோ பக்கத்தில் வீடு கூட்டும் மெஷின் ஓட்டுகிறார்களா என்று நர்ஸே கேட்டுவிட்டாள். ஃபோனில் பாடி அனுப்பிப் பார்த்தார்கள். விரல் அசையவில்லை. மறுபடி கம்ப்யூட்டருக்கே வந்தார்கள். ஒரு நாள் பாதிப் பாட்டில் கருகல் வாடை வந்தது, பெட்டி அடங்கிப் போயிற்று.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் சபரி.

"பவர் சப்ளை போயிருச்சும்மா, உள்ள கரண்ட் குடுக்கற பாகம். பேசாம புது கம்ப்யூட்டரே ஆர்டர் பண்ணிரலாம். இது டைனோசர் காலத்துது."

"உங்கப்பா கையால பூட்டுனது சாமி அது. அதுக்கு என்ன நோவோ அதை மட்டும் பாரு."

"சரி, சரி. எத்தனை வாட் வேணும்னு பார்ப்போம். அப்பா போட்டிருந்தது ஐந்நூறு. இந்த மெஷின் முழு மூச்சா ஓடினாலும் இருநூறைத் தாண்டாது."

"அப்பச் சின்னதாவே ஒண்ணு வாங்கிப்போட்டிரலாமல்ல?"

"சின்னது திணறும்மா. திணறினா சூடாகும், சூடானா ஃபேன் வேகமா சுத்தும், அதுதான் சத்தம். சக்தி கொஞ்சம் கூடுதலா இருந்தா அலட்டிக்காம வேலை செய்யும்."

"பெரிய குண்டாவுல பாலைக் காய்ச்சுனாப் பொங்கி வழியாது. அப்படித்தான?"

எழிலரசி அடுப்படியிலிருந்து சிரித்தாள். "அத்தை, நீங்களே யூட்யூப்ல ரிவ்யூ போடலாம்!"

சபரி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். ஒன்று விலை மலிவு, ஆனால் இரைகிறது என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். ஒன்று பழைய பெட்டிக்குள் நீளம் கொள்ளாது. ஒன்றில் அப்பா போட்டிருந்த பழைய டிவிடி டிரைவுக்கான நாலு முள் வயர் இல்லை. ஃபேனே இல்லாத ஜாதி ஒன்றும் இருந்தது. "இந்தப் பெட்டிக்குள்ள காத்து போக வழி கம்மி. அதைப் போட்டா வெந்து போயிரும்" என்று அதையும் தள்ளினான். கடைசியில் ஒன்றில் நின்றான்.

"இதும்மா. வேலை கம்மியா இருக்கறப்ப ஃபேன் சுத்தவே சுத்தாது. சூடேறினாத்தான் மெதுவா சுத்தும். பெரிய ஃபேன், அதனால சத்தமும் கம்மி."

"கடைக்குப் போய் அதோட சத்தத்தை ஒருக்காக் கேட்டுப்போட்டு வாங்கோணும்."

"சத்தமே இருக்காதும்மா! அதைப் போய் எங்க கேப்பீங்க?"

வியாழக்கிழமை பார்சல் வந்தது. வீட்டில் அவள் மட்டும்தான். பிரித்தாள். செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, கையில் கனத்தது. ஒரு பக்கம் கம்பி வலை, அதற்குள் பூவிதழ் மாதிரி விரிந்த விசிறி. புதுச் சாமான் வந்தால் செய்ய வேண்டியதைச் செய்து, சாமி முன்னால் ஒரு நிமிஷம் வைத்து, விளக்கைக் காட்டி எடுத்து மேசையில் வைத்தாள். சாயங்காலம் சபரி வந்து பூட்டினான்.

மறுநாள் காலை அவள் பெட்டியைப் போட்டபோது அது உயிர் பெற்றதா இல்லையா என்றே தெரியவில்லை. விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. அந்த நிசப்தத்தில் தன் வளையல் உரசுவது கூடப் பெரிதாகக் கேட்டது. திருநீறு பூசிக்கொண்டு, பொட்டை அமுக்கி, கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள்.

மூன்றாம் பாட்டு முடிந்து நாலாம் பாட்டின் முதல் அடியை எடுத்தபோது இடப்பக்கம் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

காலடி கேட்கவில்லை. நாற்காலி கிறீச்சிடவில்லை. மூச்சு மட்டும் வந்தது. கனத்து, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. கூடவே சந்தன மணம், வெதுவெதுப்பாக, கன்னத்தருகே.

பதிகத்தை நடுவில் விடக் கூடாது. கண்ணைத் திறக்கத் தைரியம் வராமலே பாடினாள். குரல் நடுங்கவில்லை. கடைசி அடியைப் பாடிப் பொட்டைத் தடவி அமுக்கினாள். மூச்சு சற்று நேரம் இருந்தது. பிறகு யாரோ எழுந்து போவது போலத் தேய்ந்து நின்றது. கண்ணைத் திறந்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

மனப்பிரமை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், மாலையில் சபரி அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அம்மா, பக்கத்துல யார் இருந்தது?"

"ஆரும் இல்லையே."

"மூச்சு விடற சத்தம் கேக்குது. நல்லாக் கேளுங்க."

எழிலரசியும் கேட்டாள். அவள் முகம் மாறியதை வசந்தாமணி பார்த்தாள். "கதவெல்லாம் பூட்டித்தானே இருந்துச்சு அத்தை?" என்று கேட்டுவிட்டு, போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

அந்தப் பாட்டை அனுப்பினார்கள். விரல் அசைந்தது என்று செய்தி வந்தது. முன்பு போல ஒரு முறை இல்லை; மறுபடி மறுபடி, எதற்கோ ஒத்துப் போவது போல.

மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும். பாட ஆரம்பித்த உடனே வராது. கொஞ்சம் பாடவிட்டு வரும். முடித்ததும் போய்விடும். சமையல் செய்யும்போது வராது, சும்மா உட்கார்ந்திருந்தால் வராது. அவள் குரலுக்குத்தான் வருகிறது. வருகிறவர் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. முப்பது வருஷமாகப் பக்கத்தில் கேட்ட மூச்சு அவளுக்குத் தெரியாதா?

முதலில் நெஞ்சு குளிர்ந்தது. இரண்டொரு நாளில் அந்தக் குளிர்ச்சியே கிலியாக மாறியது. உயிர் கூட்டை விட்டு வெளியே வந்துபோகப் பழகிவிட்டால், ஒரு நாள் கூட்டுக்கு வழி மறந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்ல அவள் கேட்டிருக்கிறாள். அங்கே படுத்திருக்கிற உடம்பிலிருந்து நாமே அவரைப் பாட்டுப் பாடிப் பாடி வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறோமோ? விரல் அசைவது திரும்பி வருகிற அடையாளமா, விடைபெறுகிற அடையாளமா?

பாடுவதை நிறுத்தினாள்.

"தொண்டை கட்டிக்கிச்சு சாமி" என்று மகனிடம் சொன்னாள். ஈசா, இந்தப் பொய்யை மன்னித்துவிடு என்று அலமாரி முன்னால் நின்றாள். பழைய பதிவுகளைப் போட வேண்டாம் என்றும் ஏதோ சாக்குச் சொன்னாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அந்த அறைக் கதவைச் சாத்தி வைத்தாள். ஆனாலும் பகலில் அந்தக் கதவைத் தாண்டும்போது, உள்ளே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில் நடையை எட்டிப் போட்டாள்.

அடுத்த முறை ட்ரேஸிக்குப் போனபோது வழியில் ஆல்டமாண்ட் மலை மேல் காற்றாலைகள் ஒன்று விடாமல் நின்றுபோயிருந்தன. காய்ந்த மஞ்சள் புல், நடுவில் கையை விரித்தபடி அசையாத வெள்ளை உருவங்கள். வசந்தாமணி அவற்றைப் பார்க்காமல் மடியில் கையை வைத்துக்கொண்டு மந்திரம் சொன்னாள். அங்கே கிட்டுசாமிக்குச் சளி கட்டிக் காய்ச்சல் கண்டிருந்தது. விரல்கள் துவண்டு கிடந்தன. பாட்டு வராததிலிருந்து இவர் இன்னும் தூரமாகப் போய்விட்ட மாதிரி இருக்கிறது என்றாள் நர்ஸ்.

திரும்பும் வழியில், கார் மலை ஏறும்போது, வசந்தாமணி உடைந்து அழுதாள். எல்லாவற்றையும் மகனிடம் சொன்னாள். சபரி சிரிக்கவில்லை.

"நாளைக்கு நான் லீவு போடறேம்மா. நீங்க பாடுங்க. நான் கூட உக்காந்திருக்கேன்."

"வேண்டாஞ்சாமி. உனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா..."

"அப்பாதானே வர்றாரு? அவர் என்னை என்ன பண்ணுவாரு?"

மறுநாள் காலை நல்ல வெயில். அவள் பாட, சபரி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். முதல் பாட்டு, இரண்டு, மூன்று. நாலாம் பாட்டில் அது வந்தது. அவன் கை மயிர் குத்திட்டு நிற்பதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். சந்தன வாசம் அவனுக்கும் எட்டியது. மூக்கை உறிஞ்சித் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மண்டியிட்டு மெல்ல நகர்ந்து, அவளுக்கு இடப்பக்கம் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

"பாடிட்டே இருங்கம்மா, நிறுத்தாதீங்க" என்று கிசுகிசுத்தான்.

பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, ஃபோன் விளக்கை உள்ளே அடித்தான். வசந்தாமணி பாடிக்கொண்டே குனிந்து பார்த்தாள். மேலே கறுப்புக்குள் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வளையம் மினுங்கிக்கொண்டிருந்தது, சாமிக்குப் பின்னால் இருக்கும் திருவாசி போல. பாட்டு முடிந்தது. சற்று நேரத்தில் வளையம் தளர்ந்து, துண்டு துண்டாகி, கடைசியில் ஒரே ஒரு பொட்டாக நின்றது.

சபரி அவளைப் பார்த்தான்.

"அம்மா. இதுக்குச் சந்தனப் பொட்டு வச்சீங்களா?"

"புதுச் சாமானுக்குப் பொட்டு வெக்காம எப்படி உள்ள விடறது? நடுவுல வெக்கலாம்னா அங்க கம்பி மறைச்சுது. ஒரு எதழு மேல வெச்சேன்."

"எவ்வளவு வச்சீங்க?"

"சந்தனமும் நடுவுல குங்குமமுமா, கொஞ்சம் தாராளமாத்தான் வெச்சேன். உங்கப்பாவுக்கு ஆகற காரியமாச்சே."

அவன் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். சிரித்தானா அழுதானா தெரியவில்லை. பிறகு எழுந்து விளக்கினான். பதிவு செய்யும்போதே இரைச்சலைச் சுத்தம் பண்ணும் வேலையையும் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கிறான். அது கனத்த வேலை. அதனால் சூடேறி, கொஞ்ச நேரத்தில் விசிறி சுற்றத் தொடங்குகிறது. காய்ந்த சந்தனத்தின் கனம் விசிறியை ஒரு பக்கம் இழுக்கிறது. அந்த அதிர்வு பெட்டியின் இன்னொரு விசிறியோடு சேர்ந்து ஏறி ஏறி இறங்குகிறது. சூட்டில் மணமும் கிளம்புகிறது.

"சரி சாமி, இரைச்சலைத் துடைக்கிறதுன்னு சொன்னியே, இதை ஏன் துடைக்கலை?"

"ஒரே சீரா வர்றதைத்தான் அது துடைக்கும். ஏறி இறங்கினா, மனுஷக் குரல்னு நினைச்சு விட்டுரும்."

வசந்தாமணிக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. பாரம் இறங்கியது. ஆனால் அந்த இயந்திரமும் தன்னைப் போலவே அதை ஒரு ஆள் என்று நினைத்ததே, அது மட்டும் எங்கோ உறுத்தியது.

சபரி ஈரப் பஞ்சால் இதழைத் துடைத்தான். மறுபடி பாடினாள். மூச்சு இல்லை, மணம் இல்லை. அவன் தேடித் தேடி வாங்கிய நிசப்தம் இப்போதுதான் முழுசாகக் கிடைத்தது. பதிவில் அவள் குரல் மட்டும் கழுவி வைத்த வெள்ளிக் கிண்ணம் மாதிரி இருந்தது. அதை நேரே எடுத்துக்கொண்டு போய்க் கிட்டுசாமி காதில் போட்டார்கள்.

விரல் அசையவில்லை. மறுபடி போட்டார்கள். அந்தக் கண்கள் கூரையைப் பார்த்தபடியே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணி சந்தனக் கல்லை எடுத்து அரைக்க உட்கார்ந்தாள். சபரி பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அம்மா! ஃபேனோட பேரிங் போயிரும். இவ்வளவு தேடி வாங்கினதே சத்தம் வரக் கூடாதுன்னுதான்!"

"போனா இன்னொண்ணு வாங்கு. பெட்டியத் தொற."

"நான் சொன்னதெல்லாம் உங்களுக்குப் புரியலையா?"

"எல்லாம் புரிஞ்சுது சாமி. ஃபேனுதான், சந்தனந்தான். ஆனா நான் பாடுனதுக்கு உங்கப்பன் ஒருக்காத்தான் விரலை ஆட்டுனாரு. அந்த மூச்சுக்குத்தான் விடாம ஆட்டுனாரு. எந்த எதழ்ல இருந்துச்சோ, அதே எதழ்ல வெக்கோணும். காட்டு."

பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு அவன் விளக்கைப் பிடிக்க, அவள் கம்பிக்குள் விரலை விட்டு, அதே இதழில், அதே தாராளத்தோடு வைத்தாள்.

அடுத்த தடவை போனபோது காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நர்சிங் ஹோம் வாசலிலேயே இருவர் கையிலும் மருந்துத் தண்ணீரைப் பிழிந்து தேய்க்கச் சொன்னார்கள். காய்ச்சல் விட்டிருந்தது. வசந்தாமணி கட்டிலருகே பெஞ்சில் உட்கார்ந்தாள். சபரி அவள் பின்னால் நின்று ஃபோனைத் தலையணை மேல் வைத்துப் பாட்டைப் போட்டான்.

நாலாம் பாட்டில் மூச்சு ஏறியது. இறங்கியது. விரல் எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது. அப்புறம் கிட்டுசாமியின் கழுத்து கொஞ்சம் திரும்பியது. மூக்கு விடைத்தது. எதையோ தேடி உள்ளே இழுப்பது போல இழுத்தார். இத்தனை நாள் பூட்டிக் கிடந்த உதடு கோணலாகப் பிரிந்தது.

"சந்... தனம்."

"அப்பா!" என்று குனிந்தான் சபரி. "அப்பா, என்ன சொன்னீங்க? நான்தான்ப்பா, சபரி."

கிட்டுசாமி மெதுவாகக் கண்ணைத் திருப்பி, வசந்தாமணியைப் பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகம் இல்லை. "வாசம்" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஈசா, ஈசா என்றாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. சபரி நர்ஸைக் கூப்பிட ஓடினான். வாசல்வரை போய் நின்று திரும்பி வந்தான். தன் கையை முகர்ந்து பார்த்தான். அம்மாவின் கையை எடுத்து முகர்ந்தான். இரண்டிலும் மருந்துத் தண்ணீர் வாடை மட்டும்தான்.

"அம்மா, சத்தம் சரி. அது ஃபோன்ல வரும். மணம் எப்படிம்மா வரும்?"

வசந்தாமணிக்கும் இப்போது அந்த மணம் வந்துகொண்டிருந்தது, வெதுவெதுப்பாக, இடது கன்னத்தருகே. படுத்திருக்கிறவர் இதோ கண் முன்னால் இருக்கிறார், பேசுகிறார். அப்படியானால் பாட்டுக்கு வந்து உட்கார்வது இவர் இல்லை; பதிகம் யார் மேல் பாடியதோ, அவரோ?

அவள் அவர் கையை விடாமலே பெஞ்சில் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து, இடப்பக்கம் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு, முந்தானையை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள்.